ஈரம் கழித்த எடை

எங்கள் தெருவில் யாராவது படுத்துவிட்டால் டாக்டர் வருவதற்கு முன்னால் குழம்பு வந்துவிடும். போடிநாயக்கனூரில் மற்ற தெருக்கள் எப்படியோ எனக்குத் தெரியாது. எங்கள் தெருவில் ஆளுக்கொரு கிண்ணத்தோடு வாசலில் வந்து நிற்பார்கள். வேலுத்தாயைச் சாவின் வாசல்வரை கொண்டுபோய் நிறுத்தியதும் அந்தக் கிண்ணங்கள்தான். நல்ல மனசோடு கொண்டுவந்த கிண்ணங்கள் என்பதால் யாரையும் திட்டவும் முடியாது. எனக்கு இன்றைக்கும் அதில்தான் எரிச்சல்.

வேலுத்தாய் எனக்கு எதிர்வீட்டுக்காரி. ஐம்பதைத் தாண்டியவள். மலையில் ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களுக்குக் கங்காணி. விடிவதற்குள் பதினைந்து பெண்களைக் கூப்பிட்டுச் சேர்த்து, சின்ராசுவின் ஜீப்பில் அடைத்து, போடிமெட்டு தாண்டிக் கேரளாவுக்குள் இருக்கிற எஸ்டேட்டில் இறக்கி, வேலை முடிந்ததும் ஒருத்தி விடாமல் எண்ணி ஏற்றிக் கீழே கொண்டுவந்து சேர்ப்பது அவள் பொறுப்பு. ஜீப்பில் டிரைவருக்குப் பக்கத்து முன்சீட்டு அவளுடையது. பின்னால் மற்றவர்கள் ஒருத்தி மடியில் ஒருத்தியாக நெருக்கியடித்துக்கொண்டிருக்க, இவள் மட்டும் கலெக்டர் மாதிரி முன்னால் உட்கார்ந்து போவாள். அந்தச் சீட்டைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. சும்மா கிடைத்த சீட்டு இல்லை, கர்வம் இருக்க வேண்டியதுதான்.

மேலே காய் எடை போடும் இடத்தில் அவள் போடும் சண்டை இரண்டு மாநிலத்துக்கும் தெரியும். மழை நாளில் எடுக்கிற காய் நனைந்து கனக்கும். எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் ஈரத்துக்கென்று ஒவ்வொரு மூட்டையிலும் கொஞ்சம் எடையைக் கழிப்பார். வேலுத்தாய் விடமாட்டாள்.

“எங்க இருக்கு ஈரம்? பிழிஞ்சு காட்டுங்க பாப்பம்” என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு தராசுக்கு முன்னால் நின்றுவிடுவாள்.

ரைட்டர் மலையாளி, சாது. “சேச்சி, மழைய நானா பெய்ய வெச்சேன்?” என்பார்.

கடைசியில் கழிவு பாதியாகக் குறையும். பதினைந்து பேருக்கும் சேர்த்து அவள் ஒருத்தியே வாதாடுவாள். மற்றவர்கள் பின்னால் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பார்கள்.

அப்படிப்பட்டவளுக்கு மாசி மாதத்தில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. சரிவில் நாலு எட்டு ஏறினால் நின்று இளைத்தாள். வாய்வு என்றார்கள். எங்கள் ஊரில் எல்லாமே முதலில் வாய்வுதான். ஓமத்தண்ணி குடித்தாள், இஞ்சி தட்டிப் போட்டுக் குடித்தாள், பூண்டைச் சுட்டுத் தின்றாள். கால் வீங்கியது. நின்றுகொண்டே வேலை செய்கிறாள் அல்லவா, அதனால் என்றார்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்து தூங்கினாள். அதற்கும் யாரோ ஒரு காரணம் வைத்திருந்தார்கள். கடைசியில் ஒரு நாள் எஸ்டேட்டில் செடிக்குக் கீழே குனிந்தவள் நிமிர முடியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். சின்ராசு ஜீப்பை விரட்டிக்கொண்டு கீழே இறங்கி, வீட்டில்கூட நிறுத்தாமல் நேராகத் தேனியில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

நெஞ்சை ஸ்கேன் செய்து பார்த்த டாக்டரம்மா, இருதயத் தசை பலவீனமாகிவிட்டது, ரத்தத்தை வெளியே தள்ளும் சக்தி குறைந்துவிட்டது என்றார். பம்பிங் இருபத்தைந்து சதவீதம்தான் இருக்கிறதாம். அதனால்தான் உடம்பில் தண்ணீர் தேங்கி நுரையீரலிலும் காலிலும் இறங்கியிருக்கிறது. ஊசி போட்டார்கள். தேங்கிய தண்ணீரெல்லாம் சிறுநீராகப் போனது. மூச்சு சீரானது.

இருபத்தைந்து என்ற சேதி அன்றைக்கே எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது. முப்பத்தைந்து வாங்கினால்தான் பாஸ் என்று பள்ளிக்கூடத்தில் படித்த ஊர் இது. “ஃபெயிலாகிருச்சாம்ல” என்று வாசலுக்கு வாசல் பேசிக்கொண்டார்கள். நல்ல இருதயம்கூட அறுபது அறுபத்தைந்துதான் தள்ளும், நூற்றுக்கு நூறு என்று யாருக்கும் கிடையாது என்பதை அப்போது சொல்லுவார் இல்லை. மிச்சம் எழுபத்தைந்தும் செத்துப்போயிற்று என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

வேலுத்தாயின் புருஷன் அமாவாசையும் அப்படித்தான் நினைத்தார். அவர் ஏலக்காய் மண்டியில் மூட்டை தூக்குகிற லோடுமேன். தோளில் எதை வைத்தாலும் எத்தனை கிலோ என்று சொல்லிவிடுவார். வாயைத் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச மட்டும் வராது. பெண்டாட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவர் நேராக எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலுக்குப் போய் நின்றார். வேலுத்தாய் ஆஸ்பத்திரியில் சேரும்போது அறுபத்திரண்டு கிலோ. ஊசி போட்டுத் தண்ணீர் வடிந்தபோது ஐம்பத்து நாலு. பெண்டாட்டி கண்முன்னாலேயே கரைந்து போனாள் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. “ஆத்தா, அவ பழையபடி அறுபத்திரண்டுக்கு வந்துரட்டும். எடைக்கு எடை மண்டவெல்லம் போடுறேன்” என்று நேர்ந்துகொண்டார்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா நாலு விஷயம் சொன்னார். உப்பைக் குறைக்க வேண்டும். தண்ணீர் ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் கூடாது. மாத்திரையை ஒரு நாள்கூட விடக் கூடாது. நாலாவதாக, “தினமும் காலையில எடையப் பாத்துக்கங்க” என்றார். அமாவாசை பஸ்சில் ஊர் வந்து சேரும்வரை இந்த நாலையும் முணுமுணுத்துக்கொண்டே வந்தாராம்.

எங்கள் பக்கம் ‘பிள்ளையப் பாத்துக்க’ என்றால் பிள்ளையை உற்றுப் பார்த்துக்கொண்டு உட்கார் என்றா அர்த்தம்? குறையில்லாமல் வைத்துக்கொள் என்று அர்த்தம். மாட்டைப் பார்த்துக்கொள்வதும் வீட்டைப் பார்த்துக்கொள்வதும் அப்படித்தான். எடையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் எடை இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அமாவாசை எடுத்துக்கொண்டார். ஏற்கெனவே எட்டுக் கிலோ போய்விட்டது, இனி ஒரு கிலோகூடப் போகவிடக் கூடாது என்று வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினார்.

தெரு அவருக்குத் துணை நின்றது. பக்கத்து வீட்டுப் பெரியம்மாள் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்தாள். கருவாட்டுக் குழம்பில் பெரியம்மாளை மிஞ்ச ஆள் கிடையாது. “உப்பு ஆகாதுன்னு சொன்னாங்கல்ல, அதான் ஒரு கல்லு உப்புக்கூடப் போடல. கருவாட்டுல இருக்கிறதோட சரி” என்றாள். ராசிங்காபுரத்தில் கட்டிக்கொடுத்த மகள் அனுசியா உப்புக்கண்டமும் ஊறுகாயும் அப்பளமும் அனுப்பினாள். அதிலும் இவர்கள் கையால் உப்புப் போடவில்லை. தண்ணீரை மட்டும் டம்ளரில் அளந்து கொடுத்தார் அமாவாசை. நீச்சுத்தண்ணி, மோர், ரசம், ஆட்டுக்கால் சூப்பு, இளநீர் எதுவும் அந்தக் கணக்கில் வராது. அது ஆகாரமல்லவா?

மூன்று நாளைக்கு ஒரு தடவை வேலுத்தாயை ஆட்டோவில் ஏற்றி மண்டிக்குக் கூட்டிப்போய் அங்கே இருக்கிற பெரிய எலக்ட்ரானிக் தராசில் நிறுத்துவார். ஐம்பத்தாறு வந்தது. மண்டியில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். ஐம்பத்தெட்டு வந்தது. தெருவே பார்க்க வந்தது. “இப்பத்தான் மூஞ்சி தெளிஞ்சிருக்கு. கன்னத்துல சதை போட்டிருக்கு பாரு. உடம்பு தேறிருச்சு” என்றார்கள். அறுபது வந்த அன்றைக்கு அமாவாசை மண்டவெல்லம் எங்கே நல்லதாகக் கிடைக்கும் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

வேலுத்தாய் மட்டும் அந்தக் கொண்டாட்டத்தில் சேரவில்லை. எனக்கு அவள் முகம் நினைவிருக்கிறது. தேறியவள் முகமாக அது இல்லை. சாவைப் பற்றி அவள் ஒரு தடவைகூடப் பேசியதில்லை. அவள் கேட்டதெல்லாம் ஜீப்பைப் பற்றித்தான். அவளுக்குப் பதிலாகப் பாண்டியம்மாள் என்கிற சின்ன வயதுக்காரி முன்சீட்டில் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தாள். காலையில் ஜீப்புச் சத்தம் கேட்டால் வேலுத்தாய் வாசலுக்கு வந்து பார்ப்பாள். பிறகு வாசலுக்கு வருவதற்குள்ளேயே இளைத்தது. மறுபடியும் சுவரில் சாய்ந்து தூங்க ஆரம்பித்தாள். “உடம்பு கனத்துப் போச்சுல்ல, அதான் இளைக்குது” என்று அதற்கும் ஒரு விளக்கம் சொன்னார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அனுசியா வந்திருந்தாள். அம்மாவின் கால்விரலில் மெட்டி புதைந்துபோய் விரல் கன்றியிருப்பதைப் பார்த்துவிட்டு, தேங்காய் எண்ணெய் தடவிக் கழற்றப் பார்த்தாள். கழலவில்லை. கணுக்காலை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இழுத்தாள். அப்போதும் வரவில்லை. கையை எடுத்தபோது அவளுடைய நாலு விரலும் அம்மாவின் காலில் குழி குழியாகப் பதிந்திருந்தன. குழி மேடாகவே இல்லை.

வேலுத்தாய் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தன் கட்டைவிரலால் முழங்காலுக்குக் கீழே ஒரு அழுத்து அழுத்தினாள். அங்கேயும் குழி விழுந்து அப்படியே நின்றது. நான் அப்போது அங்கேதான் இருந்தேன். அவள் முகத்தில் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது.

“இங்க வாய்யா” என்று புருஷனைக் கூப்பிட்டாள். “இது சதையில்ல. மழையில நனைஞ்ச காயி. வருசம் பூராம் ரைட்டர்கிட்டச் சண்டை போட்டுட்டு, என் உடம்புல ஏறுன ஈரம் எனக்குத் தெரியல பாரு.”

“என்னா சொல்ற புள்ள?”

“நீ ஏத்துனது அம்புட்டும் தண்ணிங்கிறேன். ஆஸ்பத்திரியில எறக்குன தண்ணிய நீங்கள்லாம் சேந்து திரும்ப ஏத்திட்டீக. சின்ராசுக்குப் போன் போடு, வெரசா.”

சின்ராசு வந்தான். படுக்கவைக்க முடியாது, படுத்தால் மூச்சு நின்றுவிடும் போல இருந்தது. முன்சீட்டில் உட்காரவைத்தார்கள். மூச்சுக்குத் திணறுகிற அந்த நேரத்திலும், “சீட்ட யாருடா பின்னால தள்ளிப் போட்டது?” என்று கேட்டாளாம். பிழைத்துக்கொள்வாள் என்று சின்ராசுக்கு அப்போதே நம்பிக்கை வந்துவிட்டதாம்.

நான் பின்னாலேயே பஸ்சில் போய்ச் சேர்ந்தேன். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்து ஊசி போட்ட பிறகு டாக்டரம்மா வெளியே வந்து அமாவாசையைக் கேட்டார். “எடையப் பாத்துக்கச் சொன்னேனேய்யா, பாக்கலையா?”

அமாவாசை பெருமையாக நிமிர்ந்து நின்றார். “நல்லாப் பாத்துக்கிட்டேன்ம்மா. ஆறு கிலோ ஏத்திப்புட்டேன். இன்னும் ரெண்டுதான் பாக்கி.”

 டாக்டரம்மா அவரை உட்காரச் சொல்லித் தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். “ஏறக் கூடாதுன்னுதான் பாக்கச் சொன்னேன். ஒரே நாள்ல ஒரு கிலோ, ரெண்டு மூணு நாள்ல ரெண்டு கிலோ ஏறுச்சுன்னா அது சாப்பாடு இல்ல, தண்ணி. ஒடனே எனக்குப் போன் பண்ணணும். அதுக்குத்தான் எடை” என்றார். கருவாடு, ஊறுகாய், ரசம், இளநீர் என்று அமாவாசை ஒவ்வொன்றாக ஒப்பிக்க ஒப்பிக்க அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து எந்த நோயாளிக்கும் ‘பாத்துக்கங்க’ என்ற வார்த்தையை அவர் சொல்வதில்லையாம். ‘எடை ஏறுதான்னு பாருங்க, ஏறுனா சொல்லுங்க’ என்றுதான் சொல்கிறாராம். அது நல்ல காரியம்.

தப்புச் செய்த மனுஷன் எப்படி அழுவான் என்பதை அன்றைக்குப் பார்த்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அமாவாசை குலுங்கினார். மூட்டை தூக்குகிற தோள் குலுங்குவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. உள்ளே இருந்து வேலுத்தாய், “அந்தாள அழுக வேணாம்னு சொல்லுங்க. பொண்டாட்டிக்குச் சோறு போட்டதுக்கு எவனாச்சும் அழுவானா?” என்று நர்சிடம் சொல்லியனுப்பினாள்.

இரண்டாவது தடவை வீடு திரும்பியவள் பழைய வேலுத்தாய் இல்லை, அல்லது பழைய வேலுத்தாயேதான். தன் உடம்புக்கு அவளே கங்காணி ஆனாள். வீட்டில் சின்ன எடை மிஷின் வந்தது. காலையில் எழுந்து ஒன்றுக்குப் போய்விட்டு வந்ததும், வாயில் எதுவும் படுவதற்கு முன்னால், ஒரே மாதிரிச் சேலையில் அதன்மேல் ஏறி நிற்பாள். நின்றுகொண்டே எதிர்வீட்டில் இருக்கிற எனக்குக் கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சொல்வாள்: “அம்பத்தி நாலு.” நான் “சரி” என்பேன். எனக்கு அலாரம் தேவைப்படாமல் போயிற்று. குடிப்பதற்கு ஒரு பாட்டில் வைத்துக்கொண்டாள். ரசம் ஊற்றினாலும் டீ குடித்தாலும் அந்த அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து கீழே கொட்டிவிடுவாள். யாரையும் நம்பாத கங்காணியின் கணக்கு அது.

கிண்ணங்கள் வராமல் இல்லை. வந்த வழியே திரும்பிப் போயின. மெட்டி தானாகக் கழன்று விழுகிற அளவுக்கு அவள் மெலிந்து தெரிந்தாள். “இப்புடித் தேஞ்சு போயிட்டியே” என்று உச்சுக்கொட்டுகிறவர்களை, “தேயல மதினி, காஞ்சிருக்கேன். காஞ்ச காய்க்குத்தான் மதிப்பு” என்று அனுப்பிவைத்தாள். பெரியம்மாளுக்குத்தான் ரொம்ப மனத்தாங்கல். தன் கருவாட்டுக் குழம்பையே ஒருத்தி விஷம் என்று சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்? வேலுத்தாயே அவள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, “எனக்குன்னு ஒரு மீன் கொழம்பு வையி. பச்ச மீனு. உப்பு கெடையாது. புளி, மொளகு, பூடு என்னத்த வேணாலும் போடு” என்றாள். முதல் தடவை வைத்த குழம்பை நானும் ருசி பார்த்தேன். வாயில் வைக்க முடியவில்லை. ஏழெட்டுத் தடவை வைத்த பிறகு பெரியம்மாளுக்குக் கை பிடிபட்டுவிட்டது. இப்போது தெருவில் பிரஷர்காரர்கள் இரண்டு பேர் அந்தக் குழம்பைக் கேட்டு வாங்கிப்போகிறார்கள். பெரியம்மாளுக்கு இப்போது அதில்தான் கர்வம்.

சித்திரையில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்துவிட்டு வந்த மறுநாள் “அம்பத்தி நாலர” என்றாள். அதற்கடுத்த நாள் “அம்பத்தி ஆறு” என்ற குரல் கேட்டதும் நான் செருப்பில்லாமல் எதிர்வீட்டுக்கு ஓடினேன். அதற்குள் அவள் போனில் டாக்டரம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். தண்ணீர் இறக்குகிற மாத்திரையை இரண்டு நாளைக்குக் கூட்டிப் போடச் சொன்னார்கள். மூன்றாம் நாள் “அம்பத்தி நாலு” என்று பழையபடி சத்தம் வந்தது. அமாவாசை சாமி படத்துக்குச் சூடம் காட்டினார். போன தடவை எங்களுக்குத் தெரியாமல் உள்ளே வந்த திருடனை இந்தத் தடவை வாசலிலேயே பிடித்துவிட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

மற்ற மாத்திரைகளை டாக்டரம்மா கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனார். தலை சுற்றியது, அசதியாக வந்தது, பொறுத்துக்கொண்டாள். முதலில் தெருமுனை வரை நடந்தாள். பிறகு பஸ் ஸ்டாண்டு வரை. பிறகு திரும்பி வரும்போது நிற்காமல் வந்தாள். ஆடி மாதம் மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, “நாப்பது” என்றார்.

சேதி வழக்கம்போல ஜீப்பை விட வேகமாக வந்து சேர்ந்தது. “பாஸ்” என்றது தெரு. பெரியம்மாள் வாசலில் கோலம் பெரிதாகப் போட்டாள்.

ஆனால் வேலுத்தாய் கேட்டது மார்க்கை அல்ல. “மலைக்குப் போலாமா?” என்று கேட்டாள். டாக்டரம்மா யோசித்தார். வராந்தாவில் நடக்கவிட்டுப் பார்த்தார், நாடியும் பிரஷரும் பார்த்தார். போகலாம், ஆனால் மூட்டை தூக்கக் கூடாது, சரிவில் அவசரமாக ஏறக் கூடாது, இளைத்தால் உட்கார்ந்துவிட வேண்டும், எந்த மாத்திரையும் நிற்கக் கூடாது என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வேலுத்தாய் ஒரு கேள்வி கேட்டாள்.

“அந்த ஒண்ணுக்கு மாத்திரைய வெள்ளன போட்டா, ஜீப்புல எப்புடிம்மா? வளைவுக்கு வளைவு எறங்க முடியுமா? பதினஞ்சு பொம்பளைக இருக்காக.”

டாக்டரம்மா அதையும் யோசித்து, மலைக்குப் போகிற நாளில் மட்டும் வேலை முடிந்து கீழே இறங்கி வந்ததும் போட்டுக்கொள்ளச் சொன்னார். இந்தக் கேள்வியைக் கேட்க வெட்கப்பட்டு மாத்திரையையே விட்டுவிடுகிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். வேலுத்தாய்க்கு அந்த வெட்கமெல்லாம் கிடையாது.

புரட்டாசியில் ஒரு காலை ஜீப்பு வந்து நின்றது. பாண்டியம்மாள் முன்சீட்டிலிருந்து தானாகவே இறங்கிப் பின்னால் போனாள். வேலுத்தாய் எடை போட்டு, எனக்குக் குரல் கொடுத்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். அமாவாசை ஜன்னலைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

“சோலிக்குப் போய்யா. மண்டி தெறந்துருவாக” என்றாள் அவள்.

மேலே போய் அன்றைக்கு மெதுவாகத்தான் எடுத்திருக்கிறாள். இளைத்தபோது உட்கார்ந்தாள். அவள் எடுத்த காயைப் பாண்டியம்மாள் தன் மூட்டையோடு சேர்த்துச் சுமந்து வந்தாள். மதியம் மழை பிடித்துக்கொண்டது. எடை போடும் இடத்தில் ரைட்டர் வழக்கம்போல ஈரத்துக்குக் கழித்தார். கழித்துவிட்டு வேலுத்தாயைப் பார்த்து, இப்போது வரப்போகிறது என்று தோளைக் குறுக்கிக்கொண்டார். பெண்கள் எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

“கழிங்க ரைட்டரே. ஈரம் ஈரந்தான். அது காய் எடையாகாது” என்றாள் வேலுத்தாய்.

ரைட்டருக்கு நம்ப முடியவில்லை. “சேச்சிக்கு எந்து பற்றி?” என்று மலையாளத்தில் கேட்டிருக்கிறார், உனக்கு என்ன ஆயிற்று என்று.

“எனக்கு ஒண்ணும் ஆகல. ஈரத்தோட கனம் எம்புட்டுன்னு இப்ப எனக்குத் தெரியும். அதுனாலதான் சொல்றேன், நீங்க கழிக்கிறது ரொம்ப அதிகம். பாதியாக் கொறைங்க.”

கழிவு பாதியானது. திரும்பி வரும் வழியெல்லாம் ஜீப்புக்குள் சிரிப்பு அடங்கவில்லை என்று சின்ராசு சொன்னான். கடைசி வளைவு இறங்கும்போது வேலுத்தாய் அழுதாள் என்றும் சொன்னான். 

எல்லாம் சரியாகிவிட்டது, நேர்த்திக்கடன் மட்டும் அமாவாசையின் நெஞ்சில் முள்ளாக நின்றது. அறுபத்திரண்டு கிலோவுக்கு வரட்டும் என்றல்லவா அம்மனிடம் சொல்லியிருக்கிறார். அவள் இனி அறுபத்திரண்டுக்கு வரவே கூடாது. அப்படியானால் நேர்ந்ததைச் செய்வது எப்படி, செய்யாமல் விடுவது எப்படி? கேட்டால் திட்டுவாள் என்று அவளிடமும் சொல்லவில்லை. யாருக்கும் தெரியாமல் அறுபத்திரண்டு கிலோ மண்டவெல்லம் வாங்கி மண்டியில் வைத்துவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை, “கோயிலுக்குப் போயிட்டு வருவமா?” என்று மட்டும் கேட்டார்.

கோயில் மண்டபத்தில் பெரிய தராசு தொங்கியது. விஷயம் எப்படியோ கசிந்து தெருவே அங்கே வந்திருந்தது. அனுசியா வந்திருந்தாள், சின்ராசு வந்திருந்தான், ஜீப்பில் போகிற பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். வேலுத்தாய் ஒரு தட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள் என்று பூசாரி சொல்லச் சொல்ல, அமாவாசை பழக்கதோஷத்தில் இரண்டு மூட்டையையும் தோளிலிருந்து அப்படியே எதிர்த்தட்டில் இறக்கினார்.

வேலுத்தாயின் தட்டு விருட்டென்று மேலே போனது. மண்டபத்துக் கூரையைத் தொடுகிற மாதிரி அவள் தட்டோடு ஆடிக்கொண்டிருந்தாள். ஜனம் ஓவென்று கத்தியது. பூசாரி பதறிப்போனார். அமாவாசை அவசரமாக வெல்லத்தை எடுக்கக் குனிந்தார்.

“எடுக்காத. செத்த நேரம் இப்புடியே இருக்கட்டும்” என்று மேலேயிருந்து வேலுத்தாய் சொன்னாள்.

அமாவாசை அண்ணாந்து பார்த்தார்.  “அறுபத்திரண்டு ஆகட்டும்னு ஆத்தாகிட்டச் சொல்லிட்டேன் புள்ள. அதான் அறுபத்திரண்டும் கொண்டாந்தேன்.”

அப்போதுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது. கீழே நிற்கிற புருஷனையும் எதிர்த்தட்டில் கிடக்கிற மூட்டைகளையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். எனக்கு அவள் கண் கலங்கியது தெரிந்தது. பிறகு திட்டத்தான் போகிறாள் என்று நினைத்தேன். அவள் திட்டவில்லை.

“எட்டுக் கிலோவ எடுத்துத் தனியா வையி. அது என்னோட கனமில்ல. அந்த வெல்லத்தத் தெருவுக்குக் குடு, எல்லாரும் கிண்ணம் கிண்ணமா ஊத்துனாகல்ல” என்றாள்.

கூட்டம் சிரித்தது. பெரியம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அமாவாசை ஒவ்வொரு உருண்டையாக எடுத்து வைக்க வைக்க, வேலுத்தாயின் தட்டு மெல்ல மெல்ல இறங்கி வந்தது. கடைசி உருண்டையை எடுத்ததும் இரண்டு தட்டும் நேராக நின்றன. அவள் கர்ப்பக்கிருகத்தைப் பார்த்துக் கும்பிட்டு, எஸ்டேட்டில் ரைட்டரிடம் பேசுகிற அதே குரலில் அம்மனிடம் சொன்னாள்.

“ஈரத்துக்குக் கழிச்சது போக நிக்கிற எடை இதுதான் ஆத்தா. இதுல ஒரு குந்துமணிகூடக் கொறைய விடமாட்டேன்.”